எந்த முடிச்சு போட்டீங்க?

தூண்டில் போடுகிற இருவர் சண்டை போட்டுக்கொள்ள மீன் தேவையில்லை. தண்ணீர்கூடத் தேவையில்லை. ஒரு முழம் தங்கூஸ் நூல் இருந்தால் போதும். ஒருவர் அதைத் தூண்டில் முள்ளில் கட்டிக் காட்டுவார். அடுத்தவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "இது நிக்காதுங்களே" என்பார். அதற்குமேல் மதியச் சாப்பாடு வரைக்கும் பொழுது போய்விடும்.

மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டாலோ கேட்கவே வேண்டாம். கரையில் நிற்கிற ஒருவராவது "அடடா" என்று சொல்லக் கூடாதா? சொல்ல மாட்டார்கள். "எந்த முடிச்சு போட்டீங்க?" என்பார்கள். எழவு வீட்டில் மாலை வைத்த கையோடு, "எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?" என்று விசாரிப்பார்களே, அதே குரல். நீங்கள் எந்த முடிச்சின் பெயரைச் சொன்னாலும் அது தவறான முடிச்சு. கிளிஞ்ச் என்றால் "யூனி போட்டிருக்கணும்". யூனி என்றால் "பாலமர் போட்டிருக்கணும்". பாலமர் என்று சொல்லிவிட்டால் ஒரு கணம் யோசித்துவிட்டு, "எச்சில் தொட்டீங்களா?"

எங்கள் குடும்பத்தில் இந்த வழக்கு இரண்டு கட்சியாக நடக்கிறது. ஒரு கட்சி என் பெரியப்பா. கொள்ளிடக் கரைக்காரர். மூங்கில் கழி, மயிலிறகுத் தண்டில் செய்த மிதவை, மாட்டைக் கட்டினாலும் தாங்கும் தடிமனில் தங்கூஸ், கொட்டாங்கச்சியில் மண்ணோடு மண்புழு. இவ்வளவுதான் அவர் சொத்து. எதிர்க்கட்சி என் மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். கார்பன் ராடு, ஜப்பான் ரீல், எட்டுப் புரி பிரெய்டு, புளோரோகார்பன் லீடர், கழுத்தில் தாயத்து மாதிரி ஆடுகிற குட்டிக் கத்தரி. அவன் முடிச்சு பழகுவதற்கென்றே எங்கள் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. எங்கேயாவது ஒரு நூல் சட்டையைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு பேரோடும் தூண்டிலுக்குப் போகிறவன் என்ற முறையில் நான் நடுவர். நடுவர் என்றால், இரண்டு கட்சியும் சேர்ந்து திட்டுவதற்கு வசதியாக நடுவில் நிற்கிறவன்.

வழக்கின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நூலில் எங்கே முடிச்சு விழுகிறதோ அங்கே அதன் பலம் குறைகிறது. நூல் தன்மேலேயே மடங்கித் தன்னையே அழுத்துகிற இடம் அது. பத்துக் கிலோ தாங்கும் என்று டப்பாவில் அச்சடித்திருக்கும் நூலில், வெறும் ஒற்றை முடிச்சு ஒன்று தானாக விழுந்துவிட்டால் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். காற்றடிக்கிற நாளில் தூக்கி எறியும்போது நமக்குத் தெரியாமலே இப்படிச் சில விழும். நல்ல முடிச்சு என்பது நூலின் பலத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிற முடிச்சு. முழுவதையும் தருகிற முடிச்சு அபூர்வம். ஆகவே எல்லா முடிச்சும் ஏதோ ஓரளவுக்குத் துரோகிதான். எது குறைந்த துரோகி என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்குக் கயிற்று உலகத்தில் பதில் தேடிப் போனவர் அமெரிக்கரான கிளிஃபோர்டு ஆஷ்லி. 1944-ல் அவர் வெளியிட்ட முடிச்சுப் புத்தகத்தில் 3,800-க்கும் மேற்பட்ட எண்ணிட்ட பதிவுகள் இருக்கின்றன. மைத்துனன் அதை வாங்கி வைத்திருக்கிறான். பெரியப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதையே நூல்ல கட்டி விடலாம், ஈயக் குண்டு வேண்டாம்" என்றார்.

பெரியப்பாவிடம் முள்ளையும் தங்கூஸையும் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவார். அவர் வாங்குகிற முள்ளுக்குக் காது கிடையாது. தண்டின் தலை தட்டையாக அடிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். நம் ஊர்ச் சந்தைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் நிறைய அந்த ரகம். மைத்துனன் முதன்முதலில் அதைப் பார்த்தபோது வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தான், இது டிஃபெக்ட் பீஸ். ஓட்டை போடாமலே அனுப்பிட்டாங்க" என்றான்.

"ஓட்டை போட்டா அது ஊசிடா தம்பி" என்றார் பெரியப்பா.

காதில்லாத முள்ளில் நூலைக் கோக்க வழியில்லை. தண்டைச் சுற்றித்தான் கட்டியாக வேண்டும். தங்கூஸைத் தண்டோடு ஒட்டி ஒரு கண்ணியாக மடித்துவைத்து, அந்தக் கண்ணியைக் கொண்டே தண்டையும் நூலையும் சேர்த்து ஏழெட்டுச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, முதல் நூலை, அதாவது கழிக்குப் போகிற பக்கத்தை, இழுத்தால் கண்ணி உள்ளே போய் மறைந்துகொள்ளும். தட்டையான தலை, கட்டு கழன்று வராமல் பார்த்துக்கொள்ளும். நூல் முள்ளின் முனை இருக்கிற பக்கமாக வெளியே வர வேண்டும். முதுகுப் பக்கமாக வந்தால் இழுக்கும்போது முள் சரியாகத் திரும்பாது. வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு ஸ்னெல் என்று பெயர் வைத்துப் படம் போட்டு விளக்குகிறார்கள். முள்ளில் போடுகிற கட்டுகளில் இது முதல் வரிசைக் கட்டு. நூல் எங்கேயும் கூர்மையாக மடங்குவதில்லை. இழுப்பு தண்டின் நேர்கோட்டிலேயே விழுகிறது. காது வைத்த முள்ளிலும் இதையே போடலாம், குறிப்பாகக் காது முன்னோ பின்னோ சாய்ந்திருக்கிற முள்ளில். இந்த விஷயத்தில் பெரியப்பாவுக்கு முழு மதிப்பெண்.

ஆனால் அதே பெரியப்பா நூலோடு நூலை ஒட்டுப்போடுவதைப் பார்த்தால் மதிப்பெண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றும். சாதா முடிச்சு, அதன்மேல் சாதா முடிச்சு, அதற்கும் மேலே சந்தேகத்துக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று. பார்க்க ஒரு சுண்டைக்காய் அளவுக்கு வரும். அறிவியல் கணக்கில் அது நூலின் பலத்தில் பாதியைத் தின்றுவிடும். ஆனாலும் இதுநாள் வரை அறுந்ததில்லை. "பாத்தியா? அனுபவம்!" என்று மீசையைத் தடவுவார்.

அனுபவம் இல்லை பெரியப்பா, தடிமன். அவர் போடுகிற தங்கூஸ் இருபது கிலோவுக்கு மேல் தாங்கும். பிடிப்பது கால் கிலோ ஜிலேபி, அரைக் கிலோ கெளுத்தி, என்றைக்காவது நல்ல காலமாக இருந்தால் ஒரு விரால். பலத்தில் பாதியைத் தின்றுவிட்டாலும் மிச்சத்தில் அந்த விராலும் வரும், கூடவே கரையும் வரும். முடிச்சின் யோக்கியதை தெரிவது நூல் மெலியும்போதுதான். இதை அவரிடம் சொன்ன அன்று எனக்கு மீன் குழம்பில் தலை கிடைக்கவில்லை.

சரி, நூல் எதற்காக மெலிய வேண்டும்? தடித்த நூலைத் தெளிந்த தண்ணீரில் மீன் பார்த்துவிடும். தூரமாக எறியவும் வராது. அதனால்தான் தூண்டில்காரர்களின் வரலாறே மெல்லிய, வலுவான நூலுக்காக அலைந்த வரலாறாக இருக்கிறது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பிறகு குளத்தில் தூண்டில் போடுவதற்கென்று தனியாக இன்னொன்று. நிர்வாகம் பார்க்க எப்போது நேரம் கிடைத்ததோ தெரியாது. அவர் காலத்தில் முள்ளுக்கு மேலே இருக்கும் மெல்லிய நூல், பட்டுப்புழுவின் வயிற்றிலிருக்கும் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிக் காயவைத்த நரம்பு. ஸ்பெயினிலிருந்து வரும். காய்ந்தபடியே முடிச்சுப் போட்டால் மொறமொறவென்று உடைந்துவிடும். முதலில் ஊறவைத்து இளக்க வேண்டும். துரைமார்கள் ஒரு முடிச்சுக்காக நூலை ஊறப்போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. மீனும் அந்தக் காலத்தில் கொஞ்சம் பொறுமையாக இருந்திருக்கும்.

பிறகு நைலான் வந்தது. அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் வாலஸ் கரோதர்ஸ் அதை 1935-ல் உருவாக்கினார்; 1938-ல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. முதலில் கடைக்கு வந்தது பல் துலக்கும் பிரஷ்ஷின் முடியாக. நம் தங்கூஸ் அதன் வாரிசுதான். நைலானுக்கு இழுபடும் குணம் உண்டு. மீன் திடீரென்று உலுக்கினால் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டுகொடுத்து முடிச்சைக் காப்பாற்றும். அதனால் நைலானில் பெரும்பாலான முடிச்சுகள் பிழைத்துக்கொள்கின்றன. காதில் கோத்து, முதல் நூலை ஐந்து சுற்றுச் சுற்றி, வாலைக் காதுக்குப் பக்கத்திலுள்ள சின்ன இடைவெளியில் நுழைத்து, திரும்பி வரும்போது பெரிய கண்ணியிலும் நுழைத்து இறுக்குகிற கிளிஞ்ச் முடிச்சே போதும். உலகத்தில் அதிகம் பேர் போடுகிற முடிச்சு இதுவாகத்தான் இருக்க வேண்டும். சட்டைப் பொத்தான் தைக்கத் தெரிந்தவருக்கு இது வரும். நூல் தடிக்கத் தடிக்கச் சுற்றைக் குறைக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஐந்து சுற்றும் ஒழுங்காக அமர்ந்துகொள்ளாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அப்படி நின்ற முடிச்சு நிற்காது.

புளோரோகார்பன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்தது. ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு ஏறக்குறைய 1.53. அதாவது தண்ணீரில் நைலானைவிடக் கொஞ்சம் கண்மறைவாக இருக்கும். விலை மட்டும் எந்த வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும். விறைப்பான நூல் என்பதால் முடிச்சு சுலபத்தில் அமராது. உரசினால் சூடாகிக் கெட்டுப்போவதும் சீக்கிரம். இதில் பொறுமையாகப் போட்ட யூனி நன்றாக நிற்கும்.

உண்மையான தகராறு பிரெய்டில்தான். மிகமிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீன் இழைகளைச் சடை மாதிரி பின்னிய நூல் அது. நெதர்லாந்துக்காரர்கள் டைனீமா என்றும் அமெரிக்காக்காரர்கள் ஸ்பெக்ட்ரா என்றும் விற்க ஆரம்பித்தார்கள். மூலச்சரக்கு வேதியியல் வகையில் நம் பிளாஸ்டிக் பையின் பங்காளி. அதே பலமுள்ள நைலானில் பாதிப் பருமன்தான் வரும். தண்ணீரில் மிதக்கும். இழுத்தால் நீளாது. ஐம்பது அடிக்கு அப்பால் மீன் முகர்ந்து பார்த்தாலே விரலுக்குத் தெரியும். இவ்வளவு நல்ல குணமும் இருந்து ஒரே ஒரு கெட்ட குணம்: வழுக்கும். நைலானில் கல்லாக நிற்கிற கிளிஞ்ச் முடிச்சைப் பிரெய்டில் போட்டால், கையில் இழுக்கும்போது நிற்கும், மீன் இழுக்கும்போது மெல்ல மெல்ல உருவிக்கொண்டு வந்துவிடும். நூல் அறுவதில்லை. முடிச்சு ராஜினாமா செய்துவிடுகிறது.

அதனால் பிரெய்டுக்குப் பாலமர். நூலை இரட்டையாக மடித்து அந்த மடிப்பையே காதில் நுழைத்து, இரட்டை நூலிலேயே தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போட்டு, மிச்சமிருக்கும் கண்ணிக்குள் முள்ளை முழுசாக நுழைத்து எடுத்து, இறுக்க வேண்டும். காதில் இரண்டு நூல் பிடித்துக்கொண்டிருப்பதால் வழுக்குவது கஷ்டம். படிக்கும்போது குழப்பமாக இருந்தாலும் போட்டுப் பார்த்தால் முடிச்சுகளிலேயே சுலபமானது இதுதான். ஒற்றை முள்ளுக்கு இதைவிட வேறு வேண்டாம். வம்பு எப்போது வருகிறதென்றால், மும்முனைக் கொக்கி இரண்டு தொங்குகிற பொம்மை மீனை அந்தக் கண்ணிக்குள் நுழைக்கும்போது. மைத்துனன் நுழைக்கப் போனால் ஒரு கொக்கி நூலில் மாட்டும், ஒன்று பனியனில் மாட்டும், மற்றொன்று எதில் மாட்டும் என்று சுற்றி நிற்கிறவர்கள் ஆவலோடு காத்திருப்பார்கள். பொம்மை மீனுக்கு யூனிதான் உத்தமம்.

யூனியை ஊரெல்லாம் பரப்பியவர் ஃப்ளோரிடாவில் இருந்த விக் டனவே என்ற எழுத்தாளர். காதில் கோத்த நூலைத் திருப்பிக்கொண்டு வந்து ஒரு கண்ணி போட்டு, வாலால் இரண்டு நூலையும் கண்ணிக்குள்ளேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி இழுப்பது. பிரெய்டாக இருந்தால் எட்டுச் சுற்று. இதன் அருமை என்னவென்றால், இந்த ஒரே முடிச்சை வைத்துக்கொண்டு ரீலின் சுழலில் நூலைக் கட்டலாம், முள்ளைக் கட்டலாம், இரண்டு யூனியை எதிரெதிராகப் போட்டு நூலோடு நூலை இணைக்கலாம். ஒரே ஆள் சமையலும் பார்த்து, பந்தியும் விசாரித்து, மொய்யும் எழுதுவது மாதிரிதான். சோம்பேறிகளுக்காக அருளப்பட்ட முடிச்சு. நான் இதன் பக்தன்.

பொம்மை மீன் தண்ணீரில் தாராளமாக ஆட வேண்டுமென்றால் முடிச்சு காதை இறுகப் பிடிக்காமல் ஒரு சின்ன வளையமாக நிற்க வேண்டும். லெஃப்டி கிரே என்ற அமெரிக்கத் தூண்டில் குரு பிரபலமாக்கிய நழுவா வளைய முடிச்சு அதற்கென்றே இருக்கிறது. "பொம்மைக்கு ஆடறதுக்கு எடம் வேணுமாம். நமக்குப் பஸ்ல நிக்க எடமில்ல" என்பது இதைப் பற்றிப் பெரியப்பாவின் கருத்து.

இனி எஃப்ஜி முடிச்சு. இதைப் பற்றிச் சொல்லும்போது என் மனைவி அறையை விட்டு எழுந்து போய்விடுவாள்.

மெல்லிய பிரெய்டை நேராக முள்ளில் கட்டினால் பாறையில் உரசி அறுந்துவிடும். கொடுவா மாதிரி சொரசொரப்பான வாயும் கத்தி போன்ற செவுள் மூடியும் உள்ள மீன் கடித்தால் அதோடு முடிந்தது. ஆகவே முன்னால் நாலடி ஐந்தடி தடித்த லீடர் வேண்டும். மெல்லிய, வழுக்குகிற பிரெய்டைத் தடித்த, விறைப்பான லீடரோடு இணைக்க வேண்டும். அந்த இணைப்பு ராடின் வளையங்களுக்குள் தடுக்காமல் ஓட வேண்டும். இதற்கு ஜப்பான்காரர்களின் தீர்வு எஃப்ஜி. லீடரில் முடிச்சே விழாது. பிரெய்டுதான் அதை வலமும் இடமுமாக மாறிமாறி இருபது தடவை பின்னிச் சுற்றும். இழுக்க இழுக்கப் பின்னல் இறுகி லீடரைக் கவ்விக்கொள்ளும். லீடர் எங்கேயும் மடங்காததால் பலம் அதிகம் குறைவதில்லை. சரியாகப் போட்டால் எல்லா இணைப்புகளுக்கும் ராஜா.

சரியாகப் போட வேண்டும், அதுதான் விஷயம். பின்னி முடிக்கும்வரை பிரெய்டு விறைப்பாகவே இருக்க வேண்டும். அதற்கு ஒரு முனையை எங்கேயாவது கட்டி, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் லீடரை ஆட்ட வேண்டும். மைத்துனன் ஒரு முனையை வாசல் கிரில் கேட்டில் கட்டுவான். கூடத்தின் குறுக்கே, இடுப்பு உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் ஓடும். அந்த நேரம் பார்த்துத்தான் கூரியர் பையன் வருவான். கேட்டைத் திறக்கப் போனால் உள்ளேயிருந்து "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று ஓர் உறுமல். நாய் இருக்கிறது என்று நினைத்துப் பார்சலைத் திண்ணையில் வைத்துவிட்டு ஓடிவிடுவான்.

"டேய், பல்லு போச்சுன்னா உனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று அவன் அக்கா அடுக்களையிலிருந்து கேட்பாள்.

"ம்ம்ம்."

"ஏங்க, அவன் என்ன சொல்றான்?"

"பன்னிரண்டாவது சுத்துல இருக்கானாம்."

இந்தச் சமயத்தில் பெரியப்பாவுக்கு கேஸ் புக் பண்ணுகிற எண்ணைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டிய அவசியம் வந்துவிடும். "ஏழு, ஏழு, ஒண்ணு, எட்டு…" என்று அவர் ஆரம்பித்தால் பன்னிரண்டாவது சுற்று எது, பதினெட்டாவது எது என்று அவனுக்குக் கலங்கிவிடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஊரில் அவர் வீட்டில் விறகடுப்பு என்பதை இந்த இடத்தில் குறிப்பிட்டுவிடுகிறேன்.

வீட்டில் கேட் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, அக்கா திட்டினாலும் காபி வருகிறது. தூண்டில் வளைவின் பாறை மேல், கடற்காற்று நூலைக் கொண்டைபோட வைக்கிற நேரத்தில், உப்புத் தண்ணீர் சொட்டுகிற கையோடு, வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும்போது, எதிரே பாறை மீன் கூட்டம் கொப்பளித்துக்கொண்டிருந்தால்? அந்த இடத்தில் எஃப்ஜி போட்டு முடிப்பவர் இருக்கிறார்; அவரை நான் கும்பிடுகிறேன். முடித்து நிமிரும்போது மீன் கூட்டம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். நான் இரட்டை யூனியைப் போட்டு எறிந்துவிடுவேன். கொஞ்சம் பருமன், கொஞ்சம் பலம் குறைவு. ஆனால் அது தண்ணீருக்குள் இருக்கும். கரையில் பல்லிடுக்கில் இருக்கிற ராஜாவைவிடத் தண்ணீரில் இருக்கிற மந்திரி மேல் என்பது என் கட்சி.

சீலா, வஞ்சிரம் மாதிரி பல்லுள்ள மீன்களுக்கு இந்த விவாதமே செல்லாது. அவை முடிச்சை அவிழ்ப்பதில்லை, நூலையே நறுக்கிவிடும். கம்பி போட வேண்டும். ஒற்றைக் கம்பியை முறுக்கித்தான் கட்ட முடியும், முடிச்சுப் போட்டால் உடையும். பல இழைக் கம்பி என்றால் உலோகக் குழலில் நுழைத்து நசுக்கிவிட வேண்டும்.

பெயர் பெயராக இவ்வளவு பேசிய பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். முடிச்சின் பெயரைவிட அதை இறுக்கிய விதம்தான் மீனைக் கொண்டுவருகிறது. காய்ந்த நூலை வெடுக்கென்று இழுத்து இறுக்கினால் உரசும் இடம் சூடாகிறது. நைலானோ புளோரோகார்பனோ அந்த இடத்தில் சுருங்கி வெளுத்துக் கெட்டுவிடும். பாலிஎத்திலீன் இன்னும் மோசம். 150 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடுகிற ஜாதி. ஆகவே நனைக்க வேண்டும், மெதுவாக இழுக்க வேண்டும், சுற்றுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்று அமர்கின்றனவா என்று பார்க்க வேண்டும், பிறகு கடைசி இழுப்பு. எல்லோரும் வாயில் வைத்து எச்சில் படுத்துகிறார்கள். பெரியப்பா வெற்றிலைக்காரர், அவர் முடிச்சு மட்டும் சிவப்பாக இருக்கும். மீன்கள் அதைக் கண்டு விலகுவதாகத் தெரியவில்லை. ஆனால் அடையாற்று முகத்துவாரத்தில் முக்கியெடுத்த நூலை வாயில் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மீன் கிடைத்தால் சாப்பிட ஆள் இருக்க வேண்டாமா? ஒரு சின்ன பாட்டிலில் குடிதண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சின் மேல் ஒரு சொட்டு பெவிகுயிக் விடுகிறவர்களும் உண்டு. சரியாக அமர்ந்த முடிச்சுக்கு அது தேவையில்லை, சரியாக அமராத முடிச்சை அது காப்பாற்றாது.

மீன் போன பிறகு நடக்கிற பிரேதப் பரிசோதனையிலும் கொஞ்சம் பொருள் இருக்கிறது. திரும்பி வந்த நூலின் நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது என்று அர்த்தம். சுத்தமாக வெட்டியதுபோல் இருந்தால் பல். நுனிக்கு மேலே சொரசொரவென்று இருந்தால் பாறை அல்லது சிப்பி. மைத்துனன் அதைக் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவான். போன மீனின் எடையும் அதே விகிதத்தில் பெரிதாகும். சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் என்று ஒன்று 1939-லிருந்து உலகச் சாதனைகளைப் பதிவு செய்துவருகிறது. அவர்கள் மீனின் படத்தையும் எடையையும் மட்டும் நம்புவதில்லை. லீடரோடு சேர்த்துப் பதினைந்து மீட்டர் நூலையும் அனுப்பச் சொல்லிச் சோதிக்கிறார்கள். தூண்டில்காரர்களை நன்றாகத் தெரிந்தவர்கள் ஆரம்பித்த சங்கம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

முள் வாங்கும்போதும் இந்த உலகத்தின் நியாயம் புரியாமல் திகைக்க வேண்டியிருக்கும். 10-ஆம் எண் முள் சிறியது. 4 அதைவிடப் பெரியது. 1 அதைவிடப் பெரியது. அதற்குமேல் எண் தீர்ந்துபோனதும் 1/0, 2/0, 3/0 என்று இந்தப் பக்கம் ஏற ஆரம்பித்துவிடும். நார்வே நாட்டு மஸ்டாட் கம்பெனி 1877-லிருந்து முள் செய்கிறது. அவர்களாவது இதை ஒழுங்குபடுத்தியிருக்கலாம். கடைக்கார பாயிடம் "பெரிய முள்ளு குடுங்க, நம்பர் பத்து" என்று கேட்கிறவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். அவரும் சிரிக்காமல் எடுத்துக் கொடுக்கப் பழகிவிட்டார். முடிச்சுக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், சின்ன முள்ளின் காதில் இரட்டை நூல் நுழையாது. அங்கே பாலமரை மறந்துவிட வேண்டும். மெல்லிய கம்பியில் செய்த சின்ன முள்ளில் பெரிய முடிச்சு உட்கார்ந்தால் இரை தொங்குகிற விதமே கெட்டுவிடும்.

நடுவரின் தீர்ப்பு இது. தொண்ணூறு சதவீத முடிச்சா, தொண்ணூற்றைந்து சதவீத முடிச்சா என்று கரையில் கட்டிப் புரளுகிறவர்கள் தங்கள் ரீலைப் பார்க்கட்டும். அதில் டிராக் என்று ஒரு திருகு இருக்கிறது. நூலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கோ அதற்கும் குறைவாகவோ அதை வைத்தால், அதற்குமேல் மீன் இழுக்கும்போது நூல் தானாகவே வெளியே ஓடிக்கொடுக்கும். அப்படி இருக்கும்போது எழுபது சதவீத முடிச்சே தூங்கிக்கொண்டு வேலை பார்க்கும். காதில்லாத முள்ளுக்குத் தண்டைச் சுற்றிய கட்டு, பிரெய்டுக்குப் பாலமர், மற்ற எல்லாவற்றுக்கும் யூனி. இந்த மூன்றுக்கு மேல் கற்றுக்கொள்கிறவர்கள் முடிச்சின் மேல் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். மீனுக்கு அதில் பங்கில்லை. மைத்துனனுக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை; மேல்முறையீடு செய்திருக்கிறான். பெரியப்பா தீர்ப்பைக் கேட்கவேயில்லை. அவர் புழு தோண்டப் போய்விட்டார்.

நீங்கள் தூண்டிலுக்குப் புதிது என்றால் யூனியை மட்டும் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு போட வருகிறவரைக்கும் பழகுங்கள். இரை கோக்கும் முன் முள்ளை எதிலாவது மாட்டி ஒரு தடவை பலமாக இழுத்துப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. வாலை ஒட்ட நறுக்காமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்கள். நறுக்கிய துண்டைக் கரையில் போடாதீர்கள். அது மக்காது, கொக்கின் காலிலும் நாரையின் காலிலும் போய்ச் சுற்றிக்கொள்கிறது. சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். துவைக்கும்போது திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.